பொட்டாசியம் ஹியூமேட் செதில்: ‘விஷ முறிவு’ எவ்வளவு உண்மை?

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைப் பக்கம் உரக்கடைகளில் ஒரு கிலோ பொட்டலமாகக் கிடைக்கும் கருப்புச் செதில்தான் பொட்டாசியம் ஹியூமேட், அதாவது மக்கிய பொருளில் இருக்கும் ஹியூமிக் அமிலத்தின் பொட்டாசிய உப்பு. இதை ‘மண்ணில் தங்கின மருந்து விஷத்தை முறிக்கும்’ என்று சொல்லித் தக்காளிக்காரர்களிடம் தள்ளிவிடுகிறார்கள். பாதி உண்மை.

பூஞ்சை மருந்தால் மண்ணில் சேரும் தாமிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனி அயனியாகக் கரைந்திருக்கும்போதுதான் அது வேரைச் சுடும், மண்புழுவைக் கொல்லும். ஹியூமிக்கில் இருக்கும் கார்பாக்சில், பீனால் தொகுதிகள் அந்த அயனியைக் கவ்விக்கொள்ளும். மண்ணில் மொத்தத் தாமிரம் குறைவதில்லை, உயிர்களுக்கு எட்டும் பங்குதான் குறைகிறது. மண் பரிசோதனையில் டிடிபிஏ தாமிரம், அதாவது செடிக்கு எட்டும் பங்கைக் காட்டும் அளவைக் கேட்டு வாங்குங்கள். மொத்த அளவை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

மீதிப் பாதி கணக்கில் உதைக்கிறது. ஒரு ஏக்கரில் மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 900 டன். கரிமக் கார்பன் 0.5 சதவீதம் என்றாலே 4,500 கிலோ ஏற்கெனவே அங்கே கிடக்கிறது. அதில் ஒரு கிலோ ஹியூமேட் எந்த மூலைக்கு? சொட்டுநீரில் வேர்ப்பக்கம் மட்டும் விழும்போது கொஞ்சம் பலன் உண்டு. நிலம் முழுக்கத் தாமிரம் ஏறியிருந்தால் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம்தான் பேசும்.

அதே கவ்வும் குணம் தெளிப்பானில் வினையாகிறது. லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்த டேங்கில் ஹியூமேட்டையும் போட்டால், பூஞ்சைக்குப் போகவேண்டிய தாமிரம் ஹியூமிக்கில் மாட்டிக்கொள்ளும். சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகளும் கரிமப் பொருளோடு ஒட்டும் ரகம். மருந்தை இலைக்கும் ஹியூமேட்டை வேருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்.

தர்மபுரியின் கடின போர் தண்ணீரில் கால்சியம் பட்டு இது திரியும். 2 கிராமை உங்கள் தண்ணீர் ஒரு லிட்டரில் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் சேறு தங்கினால் டிரிப்பர் அடைக்கும். பாஸ்பாரிக் அமிலம் விட்ட குழாயில் நல்ல தண்ணீர் ஓட்டாமல் விட்டாலும் இதே கதிதான், ஹியூமிக் பொருள் அமிலம் பட்டால் கரையாது.

தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடை முறிக்க இதை நம்பி வாங்கவே வேண்டாம். ஹியூமேட்டுக்கும் எதிர்மின்னேற்றம், ஃப்ளோரைடுக்கும் எதிர்மின்னேற்றம், எப்படி ஒட்டும்? குடிநீர்த் தொட்டிப் பக்கமும் கொண்டுபோகக் கூடாது. பிளீச்சிங் பவுடரின் குளோரின் ஹியூமிக்கோடு சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் உண்டாகும், இல்லாத நஞ்சை நாமே காய்ச்சிய மாதிரி.