கல்லடி வேலைக்கு வாங்கிய ஹார்னஸ்

உயரத்தில் வேலை செய்கிற ஆள் விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டிதான் ஹார்னஸ். மட்டக்களப்பு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வாங்கினேன். இடுப்பை மட்டும் பிடிக்கிற பழைய பெல்ட் இல்லை. தோள், நெஞ்சு, தொடை எல்லாம் சுற்றி வரும். முதுகில் கயிறு கொளுவ டி வளையம், லேபலில் ஈஎன் 361 (முழு உடல் ஹார்னஸுக்கான ஐரோப்பியத் தரம்). கல்லடியில் மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசும் மேசன்மார்தான் போடுகிறார்கள். தொடைப்பட்டி வியர்வையில் உரசுகிறதாம், ஒரே புறுபுறுப்பு.

தையல் நல்லது. கயிற்றில்தான் கவனம் வேண்டும். கூட வரும் 2 மீட்டர் கயிற்றில் ஒரு மடிப்புப் பை இருக்கிறது. ஆள் விழுந்தால் அது கிழிந்து நீண்டு அதிர்ச்சியைக் குறைக்கும். அதனால் கயிறு கொளுவிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 6 மீட்டர் வெளி வேண்டும். முதல் மாடியில் கால் மட்டத்தில் கொளுவினால் ஆள் நேரே நிலத்துக்குத்தான் வருவார்! கடைத் தம்பி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் தலைக்கு மேலே, இறுகிய கொங்கிரீட் பீமைச் சுற்றிய பட்டியில் கொளுவ வைத்திருக்கிறேன். சாரத் தடியில் கொளுவுவது சும்மா கண்துடைப்பு.

உப்புக்காற்றுக்குக் கொக்கி ஸ்பிரிங் இறுகப் பார்க்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள். விலைக்குச் சரி. அடுத்த சோடியும் இதுதான், கயிறு மட்டும் கட்டையாக எடுப்பேன்.