டிரெய்லரின் ரப்பர் கூரை: எட்டு வருடம் ஏணி ஏறிய அனுபவம்

காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே தங்கும் எங்கள் 26 அடி கேம்பிங் டிரெய்லரை 2017 மே மாதம் பழைய வண்டியாக வாங்கினோம். இருப்பது மிச்சிகனில். வண்டி பிறந்தது பக்கத்து மாநிலம் இந்தியானாவில், எல்க்ஹார்ட் வட்டாரத்தில். அமெரிக்காவில் ஓடும் இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. வாங்கும்போது சக்கரம், பிரேக், கேஸ் அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் பார்த்தேன். கூரையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. கூரை மேல் ஒட்டியிருந்த ரப்பர் ஷீட் வெள்ளையாக, கிழிசல் இல்லாமல் இருந்தது.

அந்த ஜூலையில் லட்டிங்டன் ஸ்டேட் பார்க்கில் தங்கியிருந்தோம். மூன்றாவது நாள் இரவு நல்ல மழை. விடியற்காலையில் மகள் எழுப்பினாள். "அப்பா, தலகாணி ஈரமா இருக்கு." பின்பக்க மேல் படுக்கையின் மூலையில், விளக்கை ஒட்டி, சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டதும் பக்கத்து முகாமில் ஏணி வாங்கி மேலே போய்ப் பார்த்தேன். சொட்டிய மூலைக்கு நேர் மேலே ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. அங்கிருந்து மூன்று அடி தள்ளி, கூரையும் பின்சுவரும் சேரும் பட்டையில், ஒரு ஸ்க்ரூ தலையைச் சுற்றித் தண்ணீர் நுழையாமல் பூசியிருந்த சீலன்ட் என்ற அடைப்புப் பசையில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு. அவ்வளவுதான். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, ஒழுகும் இடம் வேறொன்று.

இந்த எட்டு வருடத்தில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான். ரப்பர் கூரையில் ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போவதில்லை, ரப்பரைத் துளைத்து எதையெல்லாம் பொருத்தியிருக்கிறார்களோ அங்கேதான் ஒழுகும். காற்று வென்ட், கழிவுக் குழாயின் மூடி, கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் புகைபோக்கி, ஆன்டெனா, முன்னும் பின்னும் உள்ள பட்டைகள், ஏணியின் மேல் கால். டிரெய்லர் சாலையில் ஓடும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் இந்த இணைப்புகள் அசைகின்றன. வெயிலில் விரிந்து, பனியில் சுருங்குகின்றன. வெடிப்பில் போன தண்ணீர் நவம்பரில் உறைந்தால் வெடிப்பு இன்னும் அகலமாகிறது.

உங்கள் கூரை எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஈபிடிஎம் என்பது நிஜமான ரப்பர், மேலே வெள்ளை, அடியில் கறுப்பு. டிபிஓ என்பது பிளாஸ்டிக் சேர்ந்த, கொஞ்சம் விறைப்பான ஷீட். சந்தேகம் இருந்தால் உள்ளே கூரை வென்ட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றி, வெட்டிய விளிம்பைப் பாருங்கள், அடிப்பக்கம் கறுப்பென்றால் ஈபிடிஎம். எங்களுடையது அதுதான். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள ஷீட், ஒட்டுப்பலகை மேல் பசை போட்டு ஒட்டியது. கையால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி வரும். வெயில் மேல்பூச்சை மெல்ல அரிப்பதால் வரும் பொடி அது, பயப்பட வேண்டாம். அடியில் கறுப்பு தெரிய ஆரம்பித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, பழுதுபார்த்த கதைக்கு வருகிறேன். ஒரு பட்டறையில் கேட்டேன். முழு ரப்பரையும் உரித்துப் புதிதாகப் போடவேண்டும், 7,000 டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை. கூரை பல இடங்களில் பொதபொதவென்று இருந்தால் அந்த ஆலோசனை சரிதான். எங்கள் வண்டியில் ஒரே ஒரு இடம்தான் அப்படி. அதனால் நானே இறங்கினேன்.

முன்னால் வைத்திருந்தவர் அந்தப் பட்டை நெடுக சாதாரண சிலிக்கான் பூசியிருந்தார். இந்த ரப்பரில் சிலிக்கான் சரியாகப் பிடிப்பதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கான் இருந்த இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் போனது. இரும்புக் கரண்டி வேண்டாம், ஒரு தப்பு இழுப்பில் ரப்பர் கிழிந்துவிடும். பட்டையைக் கழற்றியபோது அடியில் இருந்த பியூட்டைல் டேப் (மெத்தென்று ஒட்டும் அடைப்பு நாடா) வறண்டு உதிர்ந்தது. இரண்டு ஸ்க்ரூக்கள் திருகாமலேயே விரலோடு வந்தன, துரு பிடித்து, பாதி இளைத்து. ரப்பரை மெல்லத் தூக்கிப் பார்த்தால் பலகை கறுத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், டீயில் ஊறிய ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கியது.

ஊறிய பலகையை நல்ல மரம் தெரியும் வரை வெட்டினேன், ஏறக்குறைய ஒன்றரை சதுர அடி. நான்கு நாள் ஃபேனும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் ஓடின. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் செய்த வேலை முழுக்க வீண், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். அப்புறம் புதுப் பலகை, ரப்பருக்கான தண்ணீர்ப் பசை, புது பியூட்டைல் டேப், துருப்பிடிக்காத ஸ்க்ரூ. பட்டைக்கு மேல் எட்டர்னாபாண்ட் என்ற கம்பெனியின் 4 அங்குலக் கூரை டேப்பை ஒட்டி, சின்ன ரோலரால் பலமாகத் தேய்த்தேன். இந்த டேப்புக்கு அழுத்தம்தான் உயிர். ஒருமுறை பட்டுவிட்டால் தூக்கி மாற்றி ஒட்ட முடியாது, ஆகவே பென்சில் கோடு போட்டுக்கொண்டு, பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கவேண்டும். பொருள் செலவு மொத்தம் 300 டாலரைத் தாண்டவில்லை.

டேப்பின் ஓரங்களுக்கும் வென்ட்களுக்கும் டைகோர் கம்பெனியின் லேப் சீலன்ட், அதாவது இணைப்பு ஓரங்களில் பூசும் சீலன்ட். இதில் இரண்டு வகை உண்டு. தானாகப் பரவும் வகை தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போல மெதுவாக விரிந்து ஸ்க்ரூ தலைகளை மூடிக்கொள்ளும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். அதையே சரிவான ஓரத்தில் போட்டால் பக்கச் சுவர் வழியே வழிந்துவிடும். அங்கே வழியாத வகையைத்தான் வாங்கவேண்டும். வெயில் உள்ள, 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலான நாளில் போடுங்கள். சில மணி நேரத்தில் மேலே ஆடை கட்டும், உள்வரை இறுக வாரக்கணக்கில் ஆகும்.

எட்டு வருடம் கழித்து எது எப்படி இருக்கிறது? டேப் ஓர் இடத்திலும் தூக்கவில்லை, விளிம்பில் அழுக்குக் கோடு மட்டும். 2020-ல் பைன் மரக் கிளை ஒன்று உரசி ரப்பரில் ஏழு அங்குலம் கிழித்தது. கிழிசலைப் படிய வைத்து, துடைத்து, அதே டேப்பில் மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டு போட்டேன். கூர் மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். அதுவும் இன்றுவரை அசையவில்லை. சீலன்ட்டின் ஆயுள் அவ்வளவு இல்லை. நான்காவது வருடம் வென்ட் ஓரங்களில் மெல்லிய வெடிப்புகள் வந்தன. நல்ல விஷயம், பழையதைச் சுரண்டத் தேவையில்லை, நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதே சீலன்ட்டை அதன் மேலேயே போட்டால் பிடித்துக்கொள்ளும்.

முழுக் கூரைக்கும் பூச்சு அடிப்பதை ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். 2022-ல் முன்பக்கம் கறுப்பு எட்டிப் பார்த்ததும், முதலில் ஒரு சுத்தம் செய்யும் திரவம், பிறகு வெள்ளைப் பூச்சு இரண்டு கை என்று அடித்தேன். பக்கச் சுவர்களில் வெள்ளைக் கோடுகள் வழிவது அதோடு நின்றது. கூரை மேல் இருக்கும் ஏசியை ஒட்டி உள்ளங்கை அளவுக்குப் பூச்சு உரிந்திருக்கிறது. அங்கே நான் சரியாகத் தேய்க்கவில்லை, பொடிமேல் பூச்சு நிற்காது. சிலிக்கான் பூச்சு நல்லது என்று பலர் சொன்னார்கள். தேங்கும் தண்ணீரை அது தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கூரையில் சிலிக்கானைத் தவிர எதையும் ஒட்ட முடியாது, அதனால் எனக்கு மனம் வரவில்லை. ஒழுகும் கூரைக்குப் பூச்சு ஒரு மருந்தே அல்ல என்பதையும் சொல்லவேண்டும். வெடிப்பை மூடாமல் மேலே வெள்ளை அடித்தால், அடுத்த தடவை அந்த வெடிப்பைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

கழுவுவது வருடத்துக்கு இரண்டு தடவை, மே மாதமும் அக்டோபரும். பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ், வேறொன்றும் வேண்டாம். முதலில் பக்கச் சுவர்களை நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழியும் வெள்ளைத் தண்ணீர் அங்கேயே காய்ந்துவிடும். பெட்ரோலியக் கரைப்பான், ஆரஞ்சு எண்ணெய் கலந்த கிளீனர் எதுவும் ஈபிடிஎம் பக்கம் வரக்கூடாது. ரப்பர் உப்பி, பசை விட்டுவிடும். உயர் அழுத்தத் தண்ணீர் மெஷினும் சீலன்ட்டின் ஓரத்தைத் தூக்கிவிடும். மேலே எடை பரவ ஒரு பலகைத் துண்டைப் போட்டு அதன் மேல் மண்டியிடுகிறேன். சோப்புத் தண்ணீர் பட்ட ரப்பர் பாசி பிடித்த படித்துறை மாதிரி. முன்பக்கத்தில் தொடங்கி ஏணியை நோக்கிப் பின்வாங்கியே வாருங்கள், கழுவிய இடத்தில் காலை வைக்காதீர்கள்.

குளிர்காலத்துக்கு நீலத் தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்களைப் பார்க்கும்போது பதறுகிறது. காற்றில் அது அடித்து அடித்து மூலை ரப்பரைத் தேய்த்துவிடும், அடியில் ஈரமும் அடங்கி நிற்கும். காற்றோட்டமுள்ள துணி உறை வாங்குங்கள், இல்லையென்றால் மூடாமலே விடுங்கள். பனியைத் துடைப்பத்தால் தள்ளலாம், மண்வாரி கூடாது.

போன வாரம் இந்த வருடத்து அக்டோபர் ஏற்றம் முடிந்தது. கழிவுக் குழாய் மூடியருகே ஒரு வெடிப்பு, அரை டியூபில் சரியாகிவிட்டது. மகளின் படுக்கை மூலையில் ஈரம் பார்க்கும் மீட்டரைக் குத்திப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது. ஏசிக்கு அடியில் இருக்கும் 14 அங்குலச் சதுர கேஸ்கெட்டை (தண்ணீர் அடைக்கும் மெத்தை வளையத்தை) மட்டும் இன்னும் மாற்றவில்லை. அதைச் சுற்றி வெளியே சீலன்ட் பூசக்கூடாது, உள்ளேயிருந்து போல்ட்டை இறுக்கினால்தான் அது அமுங்கி அடைத்துக்கொள்ளும். புதுசு வாங்கி வைத்திருக்கிறேன். ஏசியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், மே மாதம் மச்சான் வருகிறார்.