செஸ்னா 152: ஈர ரன்வேயில் நாலு மழைக்காலம்

மலையகத்து ஹட்டன்காரன் பிளேன் ஓட்டுகிறான் என்றால் ஊரில் முதல் கேள்வி, "எங்க தம்பி இறக்குவ?" நியாயம்தான், காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீரில் இறங்கும் விமானத்தைத் தவிர எங்கள் பக்கம் வேறெதையும் பார்த்தவர்கள் இல்லை. நான் ஓட்டுவது கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானை விமான நிலையத்தில், செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைச் சின்ன பிளேனை. நாலு வருடம், 130 மணிநேரம். லீவுக்கு வந்து, தகரக் கூரையில் மழை கொட்டக் கொட்ட இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக் காற்று பெரும்பாலும் தென்மேற்கு நோக்கி இறங்கும் ரன்வே 22க்கு நேர் எதிரே வரும், அதனால் தரை தொடும் வேகம் தானாகக் குறையும். பக்கக் காற்றுக்கு கைநூலில் 12 நாட் (மணிக்கு சுமார் 22 கிலோமீற்றர்) போட்டிருக்கிறது, ஆனால் தரை நனைந்திருந்தால் எட்டுக்கு மேல் நான் இறக்குவதில்லை.

பிரச்சினை டயரில். பின் சக்கரங்களில் காற்று 21 பிஎஸ்ஐதான். அந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் வரும்: சுமார் 41 நாட், மணிக்கு 76 கிலோமீற்றர். நாம் தரை தொடுவதே ஏறக்குறைய 45இல். ஆக முதல் சில விநாடி பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

போன மே மாதம் மழை விட்ட கையோடு வந்தேன். கடைசிக் கட்டத்தில் 60 இருக்க வேண்டிய இடத்தில் 70. பிளேன் இறங்க மாட்டேன் என்று மிதந்துகொண்டே போனது, ஒருவழியாகச் சக்கரம் தொட்டதும் பயத்தில் பிரேக்கை மிதித்தேன். வெள்ளைக் கோட்டின் பெயின்ற் மேல் இடது சக்கரம் பூட்டிக்கொண்டு, மூக்கு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது. சத்தமே இல்லை, அதுதான் பயம். காலை எடுத்ததும் சக்கரம் உருண்டு நேரானது.

வீட்டில் சொன்னேன். அப்பா முப்பது வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர்.

"சறுக்கும்போது பிரேக்க மிதிச்சியா? சரி, அத விடு. ஸ்பீடு கூடன்னு மேலயே தெரிஞ்சிச்சில்ல, அப்பவே திரும்பி மேல போக ஏலாதா?"

ஏலும். முழு த்ரொட்டில் கொடுத்து இன்னொரு சுற்று வந்திருக்கலாம், பத்து நிமிடப் பெற்றோல்தான் செலவு. லொறிக்கு அந்த வசதி இல்லை என்பதால்தான் அவருக்குச் சட்டென்று உறைத்தது போல.

அதற்குப் பிறகு ஈரத்தில் பஞ்சு மாதிரி இறக்கப் பார்ப்பதில்லை, கொஞ்சம் தட்டித்தான் வைக்கிறேன், அப்போதுதான் டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைப் பிடிக்கும். தொட்டதும் ஃப்ளாப்பை, அதாவது இறக்கையின் பின்னால் கீழே இறக்கிவிட்ட மடிப்பை, மேலே எடுத்தால் எடை இறக்கையை விட்டுச் சக்கரத்துக்கு வரும். யோக்கை (பிளேனின் ஸ்டியரிங்) நெஞ்சுவரை இழுத்துப் பிடித்து, வேகம் விழுந்த பிறகே பிரேக், அதுவும் விட்டு விட்டு.

இந்தப் பிளேனில் வைப்பர் கிடையாது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் இருக்கிற உயரத்தைவிட மேலே இருப்பது போலத் தெரியும், அதை நம்பி இறக்கினால் தாழ்ந்துவிடுவோம். கடைசி நூறு அடிக்கு நான் பக்க ஜன்னலையும் பார்த்துக்கொள்கிறேன்.