பிரிக்பீல்ட்ஸில் ஜீன்ஸைப் பிரித்துத் தைக்கும் கடை

கோலாலம்பூரில் உடைகளை அளவு மாற்றித் தைக்கும் ஆல்டர் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் பேரங்காடிகளின் மேல்மாடிகளிலும் தேடாமலே கண்ணில் படும். ஆனால், ஜீன்ஸ் துணியின் கனத்தையும் அது முதலில் எப்படித் தைக்கப்பட்டது என்பதையும் பார்த்த பிறகு கத்தரியை எடுப்பவர்கள் மிகக் குறைவு. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு அஞ்சடியில், அதாவது கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், இரண்டு தையல் இயந்திரங்களைப் போட்டு வேலை செய்யும் ஒரு பெரியவர் அந்தச் சிலரில் ஒருவர். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சுற்றுவட்டாரத்தில் தையல்காரர் என்று கேட்டாலே வழி காட்டுவார்கள்.

நீளம் குறைக்கக் கொடுத்தால் அவர் முதலில் கேட்பது, "சிலுவார ஒரு தடவையாவது தொவச்சிட்டீங்களா?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்காத கடையில் புது ஜீன்ஸைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. ஆலையிலேயே சுருக்கி வரும் துணிகூடத் துவைத்த பின் இரண்டு, மூன்று விழுக்காடு சுருங்குவது உண்டு. உட்கால் நீளம் 76 சென்டிமீட்டர் என்றால் அதில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் போய்விடும். சுருக்காத துணியாக இருந்தால் பத்து விழுக்காடு வரைகூடக் குறையலாம். கடையில் போட்டுப் பார்த்தபோது சரியாக இருந்த கால், முதல் துவையலுக்குப் பிறகு கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்து, கால் ஓரத்தின் பழைய மடிப்பு அப்படியே வேண்டுமா, புதிதாக அடிக்க வேண்டுமா என்று கேட்பார். ஜீன்ஸின் கால் ஓரத்தில் நாளடைவில் கயிறு முறுக்கியதுபோல விழும் வெளிறிய வரிகள் சங்கிலித் தையலால் வருபவை. சாதாரண இயந்திரத்தில் மேல்நூலும் பாபின் நூலும் சேர்ந்து போடும் தையலில் அந்த முறுக்கு அவ்வளவாக விழாது. இவரிடம் சங்கிலித் தையல் இயந்திரம் இல்லை. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, பழைய மடிப்பைத் தனியே வெட்டி எடுத்து, காலைக் குறைத்த பின் அதையே திரும்பப் பொருத்தித் தருகிறார். இணைப்பு மடிப்பின் மேல்விளிம்பை ஒட்டி மறைந்துவிடுகிறது. உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

அவருடைய கைத்திறனை முழுதாகக் காட்டுவது இடுப்பு வேலை. பல கடைகளில் இடுப்புப் பட்டையை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு தையல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதை அணிந்து உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் இரண்டு இடங்களில் துணி புடைத்து நிற்கும். இவரோ முதுகுப் பக்க நடுவிலுள்ள பெல்ட் வளையத்தைக் கழற்றி, பட்டையைப் பிரித்து, அதன் கீழே இரட்டைத் தையலாக இறங்கும் நடுமூட்டைப் பிரிப்பூசியால் கண் கண்ணாகத் திறக்கிறார். வேண்டிய அளவை இரு பக்கமும் சமமாக எடுத்துவிட்டு, ஒன்றின் விளிம்பை மற்றொன்றுக்குள் மடித்து, முன்பு இருந்தபடியே இரட்டைத் தையல் போடுகிறார். 18-ஆம் எண் ஊசியும் தடித்த நூலும் போட்டு, பல அடுக்குத் துணி சேரும் இடத்தில் மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைப்பதை அருகில் நின்று பார்த்தேன். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைக்கச் சொன்னால் மறுத்துவிடுகிறார். அதற்கு மேல் எடுத்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, பார்க்கவே நன்றாக இராது என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

பண்டல் கடைகளில் பழைய ஜீன்ஸ் வாங்குபவர்களுக்கு இவரால் பெரிய நன்மை, கவட்டைக் கிழிசலைச் சரிசெய்வது. ஜீன்ஸில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. உரசி உரசி நீல நூல் அறுந்த பிறகு வெள்ளை இழைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். இதே வேலைக்கு வேறொரு கடையில் நான் கொடுத்த ஒரு ஜீன்ஸில் அந்த இழைகளை நறுக்கிவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் துண்டை வைத்துத் தந்தார்கள். அது சில துவையலிலேயே உரிந்து வந்துவிட்டது. இவர் இழைகளை வெட்டுவதில்லை. அவற்றைக் கிடையாகப் படிய வைத்து, உட்புறம் மெல்லிய பருத்தித் துண்டு கொடுத்து, நீல நூலால் முன்னும் பின்னுமாக நெருக்கமாகத் தையல் ஓட்டுகிறார். தையல் வரிகள் எல்லாம் ஒரே கோட்டில் முடியாமல் ஒன்று நீண்டும் ஒன்று குறைந்தும் இருக்குமாறு விடுகிறார், ஒரே கோட்டில் முடிந்தால் அடுத்த கிழிசல் அந்தக் கோட்டிலேயே தொடங்கும் என்பதால். ஜீன்ஸ் பை மூலைகளில் உலோகக் குமிழ் அடிக்கும் யோசனையும் நெவாடாவைச் சேர்ந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரருடையதுதான். 1873-இல் அவரும் லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். எந்த இடம் முதலில் கிழியும் என்று தைக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவருக்கு அது தெரிகிறது.

ஜிப் மாற்றுவது, ரன்னர் போடுவது, சட்டையின் பக்கங்களைப் பிடிப்பது எல்லாம் குறையில்லாமல் செய்கிறார். டி-சட்டையை மட்டும் அவரிடம் கொடுக்க வேண்டாம். இழுபடும் பின்னல் துணிக்கு வேண்டிய இரட்டை ஊசி இயந்திரம் அங்கே இல்லை. அவரும் டி-சட்டையை வேலைக்கு எடுப்பதில்லை. மஞ்சள் நூலில் சில நிறங்களே வைத்திருப்பதால், பழைய ஜீன்ஸின் மங்கிய தையலுக்கு அருகே புதுத் தையல் சற்றுப் பளிச்சென்று தெரியலாம். நூல் நிறம் முக்கியம் என்பவர்கள் தாங்களே ஒரு சுருள் வாங்கிப் போவது நல்லது.

மடிப்பு அடிக்க 12 வெள்ளி, பழைய மடிப்பையே பொருத்த 18 வெள்ளி, இடுப்புக்கு 25 வெள்ளி கொடுத்தேன். கவட்டை வேலைக்குக் கிழிசலைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். தீபாவளி நெருங்கினால் ரவிக்கை வேலை குவிந்துவிடுகிறது, அப்போது ஜீன்ஸைத் தொடமாட்டார். கொடுக்கும்போது வழக்கமாகப் போடும் காலணியை அணிந்து போங்கள், நின்ற நிலையில்தான் நீளம் குறிக்கிறார்.