பாங்காக்–சிங்கப்பூர் "ஒரே டிக்கெட்" ரயில் பேக்கேஜ்: குமரி மாவட்டப் பிள்ளைகள் பணம் கட்டும் முன் படிக்க வேண்டியது

கருங்கல் பக்கத்துத் தம்பி ஒருவர் முதுகுப்பையோடு தனியாகக் கிளம்பினார். பாங்காக்கில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலிலேயே மலேசியா வழியாக சிங்கப்பூர் போய், சாங்கி விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்புவது திட்டம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாங்கியிலிருந்து போட்டிருந்த விமான டிக்கெட் வீணாயிற்று. நாகர்கோவில் பகுதி ஏஜென்ட் ஒருவர் விமானச் செலவு போக அவரிடம் வாங்கியது ரூ.38,500. "எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம் மக்கா, நீ பையைத் தூக்கிட்டுப் போனா போதும்" என்று சொல்லி வாங்கிய பணம். ஏஜென்டின் பெயரை இங்கே போடவில்லை. இதே பேக்கேஜை வேறு ஆட்களும் விற்கிறார்கள் என்பதால், பெயரைவிட அந்தப் பில்லைப் புரிந்துகொள்வதுதான் பயன்படும்.

பில்லில் முதல் வரி: "பாங்காக் – சிங்கப்பூர் த்ரூ டிக்கெட், ரூ.19,000". அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது. பாங்காக்கிலிருந்து மலேசியாவின் பட்டர்வொர்த் வரை நேராக ஓடிய ரயில் 2016 இறுதியில் நின்றுபோனது. சிங்கப்பூர் நகருக்குள் இருந்த தஞ்சோங் பகார் நிலையமும் 2011-லேயே மூடப்பட்டு, ரயில் எல்லையோரம் உட்லண்ட்ஸோடு நின்றுவிடுகிறது. இன்று இந்தப் பாதையில் துண்டு துண்டாகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து எல்லை நிலையமான பாடாங் பெசார் வரை தாய்லாந்து ரயில். அங்கிருந்து கோலாலம்பூருக்கு மலேசியாவின் இடிஎஸ் விரைவு ரயில். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல். கடைசியாக உட்லண்ட்ஸுக்கு ஷட்டில் தெப்ராவ் என்ற எல்லை தாண்டும் ரயில்; ஓட்டம் ஐந்தே நிமிடம், ஜேபி பக்கமிருந்து கட்டணம் 5 ரிங்கிட். பாடாங் பெசார் வரை இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கை ஆயிரம் பாட் அளவில் வரும், அங்கிருந்து கோலாலம்பூர் நூறு ரிங்கிட்டைச் சுற்றி. எல்லாவற்றையும் கூட்டினாலும் 19,000-இல் பாதி வராது. தாய்லாந்து ரயில்வேயின் தளத்திலும் மலேசியாவின் கேடிஎம் செயலியிலும் நீங்களே எடுக்கலாம்.

தம்பியின் கையில் இருந்தது ஏஜென்ட் தானே அச்சடித்த வவுச்சர். உண்மையான டிக்கெட்டில் ரயில் எண், பெட்டி எண், படுக்கை எண், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இருக்கும். இதில் பெட்டி எண்ணை விசேஷமாகப் பார்க்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பாடாங் பெசார் போகும் 45-ஆம் எண் ரயில், சுங்கை கோலோக் போகும் 37-ஆம் எண் ரயிலோடு சேர்ந்தே ஹட்யாய் வரை ஓடுகிறது. ஹட்யாயில் பெட்டிகளைப் பிரிப்பார்கள். பெட்டி மாறி உட்கார்ந்து தூங்கிவிட்டால் கண் விழிக்கும்போது நீங்கள் சுங்கை கோலோக் இருக்கும் நராத்திவாத் மாகாணத்தில் இருப்பீர்கள். அங்கேயும் மலேசிய எல்லை உண்டு, ஆனால் எல்லையைத் தாண்டும் ரயில் இல்லை. தவறினால் ஹட்யாய்க்குத் திரும்பி வந்து, அங்கிருந்து பாடாங் பெசாருக்கு நாளுக்கு இரண்டு தடவை போகும் சிறிய ரயிலைப் பிடிக்கலாம். இன்னொன்று: 2023 ஜனவரி முதல் தூரப் பயண ரயில்கள் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை, குருங் தேப் அபிவாட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. வவுச்சரில் ஹுவா லம்போங் என்று போட்டிருந்தால் அதை எழுதியவருக்கு இந்தப் பாதை தெரியாது.

நம்மூர் ரயிலில் குழித்துறை தாண்டி பாறசாலை வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கேரளத்துக்குள் போய்விடுவோம். பாடாங் பெசாரில் அது நடக்காது. பையோடு இறங்கி, ஒரே நிலையத்துக்குள் முதலில் தாய்லாந்து வெளியேறும் முத்திரை, அடுத்து மலேசிய நுழைவு என இரண்டு வரிசை நிற்க வேண்டும். மலேசியக் கடிகாரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது. தம்பியின் பயணத் தாளில் தாய்லாந்து நேரத்தையும் மலேசிய நேரத்தையும் ஒன்றாக எண்ணி, இறங்கிய 75 நிமிடத்தில் இடிஎஸ் என்று போட்டிருந்தார்கள். உண்மையில் அவருக்கு இருந்தது 15 நிமிடம். ரயில் போய்விட்டது, அடுத்ததில் இடம் இல்லை. இந்த இடத்தில் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். மலேசியப் பள்ளி விடுமுறை நாட்களில் இடிஎஸ் இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். பட்டர்வொர்த் போகும் கொமுட்டர் ரயிலுக்கு இருக்கை எண் கிடையாது, அவசரத்துக்கு அதில் ஏறிப் பினாங்கு பக்கம் போய்விடலாம்.

இரண்டாவது வரி: "டிஜிட்டல் அரைவல் கார்டு, மூன்று நாடு, ரூ.6,000". மூன்றுமே இலவசம். தாய்லாந்தின் டிடிஏசி 2025 மே 1 முதல் கட்டாயம், மலேசியாவின் எம்டிஏசி 2024 முதல். சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு. மூன்றையும் அந்தந்த நாட்டுக்குள் நுழையும் முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதனால்தான் "ஒரு மாசம் முன்னாடியே போட்டுட்டோம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்தத் தாளை நம்பக் கூடாது. தாய்லாந்து அரசுத் தளத்தின் முகவரி "கோ டாட் டிஎச்" என்றும், மலேசியாவுடையது "கவ் டாட் எம்ஒய்" என்றும், சிங்கப்பூருடையது "கவ் டாட் எஸ்ஜி" என்றும் முடியும். தேடினால் மேலே வந்து நிற்கும், கார்டு எண் கேட்டுப் பணம் பிடிக்கும் "டாட் காம்" தளங்கள் அரசுடையவை அல்ல.

இந்தத் தாளில்தான் தம்பி முதலில் மாட்டினார். எம்டிஏசியில் எப்படி நுழைகிறீர்கள் என்ற கேள்விக்கு ஏஜென்ட் ஆகாய வழி என்று போட்டு, ஒரு விமான எண்ணையும் கொடுத்திருந்தார். தேதியும் தவறு. பாடாங் பெசாரில் புதிதாக நிரப்பச் சொன்னார்கள். அவரிடம் மலேசிய சிம் இல்லை. ரயிலில் வருபவர் தரைவழி என்றே குறிக்க வேண்டும். நிரப்பியதும் மின்னஞ்சலுக்கு வரும் நகலைப் படம் எடுத்து போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எல்லையில் நெட்டை நம்ப வேண்டாம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி கார்டு வேண்டும். மலேசியா போய்விட்டு மறுபடி தாய்லாந்து வந்தால் புதிய டிடிஏசி.

மூன்றாவது வரி "பார்டர் பெர்மிட், ரூ.4,500". இந்தியச் சுற்றுலாப் பயணிக்கு இந்தப் பாதையில் அப்படி ஒரு தாள் இல்லவே இல்லை. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தும் இருக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் கொடுத்தது. இந்தச் சலுகைகள் மாறக்கூடியவை; டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

நான்காவது வரிதான் பெரிய அநியாயம்: "சிங்கப்பூர் 96 மணி நேர ஃப்ரீ என்ட்ரி, ரூ.5,000". இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம். 96 மணி நேரச் சலுகை, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் வைத்துக்கொண்டு வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குபவர்களுக்கு மட்டும். முதல்முறை பாஸ்போர்ட் எடுத்த பையனுக்கு அது எப்படிப் பொருந்தும்? ஜேபி சென்ட்ரலில் மலேசிய வெளியேற்ற முத்திரை குத்தி ரயிலில் ஏற்றிவிடுவார்கள். சிங்கப்பூர் சோதனை இறங்கிய பிறகுதான். தவறு தெரியவரும்போது நீங்கள் ஏற்கெனவே எல்லை தாண்டியிருப்பீர்கள். விசா அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்டுகள் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்த இ-விசாவை சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். அதைச் செய்யாமல் கிளம்பாதீர்கள்.

கடைசி வரி "சர்வீஸ், டிசிஎஸ், ரூ.4,000". டிசிஎஸ் என்பது பேக்கேஜ் விற்பவர் உங்களிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. அப்படிப் பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் தெரிய வேண்டும். பான் எண்ணே கேட்காமல் டிசிஎஸ் வாங்கினால் அது ஏஜென்டின் பைக்குத்தான் போகிறது.

கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் மலேசியாவும் தாய்லாந்தும் உண்டு. அதனால் சுற்றுலா என்று கிளம்பினாலும் விமான நிலையத்தில் துருவிக் கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் மூன்றையும் காட்டுங்கள். "ஈசிஆர் கிளியரன்ஸ்" என்று சுற்றுலாவுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அந்த அனுமதி வேலைக்கு உரியது.

"பாங்காக்கில் நம்ம ஆள் வருவார், ரயிலில் மே சோட் கூட்டிப் போவார், அங்கே கம்ப்யூட்டர் வேலை" என்று யாராவது சொன்னால் உடனே விலகிவிடுங்கள். மே சோட் மியான்மர் எல்லையோரத் தாய்லாந்து ஊர், அங்கே ரயில் பாதையே கிடையாது. தாய்லாந்திலிருந்து மியான்மருக்குள் போகும் ரயிலும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியாவாடியில் பிள்ளைகளை அடைத்து வைத்து இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள். 2025 மார்ச்சில் மட்டும் விமானப்படை விமானங்கள் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அங்கிருந்து மீட்டு வந்தன. ஊர்க்காரருக்குக் கொடுங்கள் என்று ஏஜென்ட் நீட்டும் சிப்ஸ் பார்சலையும் வாங்காதீர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டம் மரண தண்டனை வரை போகும், பை யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் பேச்சை அழிக்க வேண்டாம். மறையும் மெசேஜ் வசதி ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள். யுபிஐ பரிமாற்ற எண், வவுச்சர், பில், எல்லையில் திருப்பி அனுப்பியபோது தந்த தாள் எல்லாவற்றையும் நகலெடுங்கள். போலித் தளத்தில் கார்டு கொடுத்திருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டு, வங்கியில் கார்டை முடக்குங்கள். சேவைக் குறைபாட்டுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்டின் அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கருங்கல் தம்பியிடம் ரசீது இல்லை. யுபிஐ பதிவும் அந்த வவுச்சரும் இருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் மனு தயாராகிறது.