பூனைக்குக் குரைக்கும், திருடன் வந்தால் தூங்கும்

நண்பன் தன் பள்ளிக்கு 24 போர்ட் சுவிட்ச் (கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைக்க 24 கேபிள் செருகும் பெட்டி) வாங்கப் போகிறான். விலை இறங்கியிருக்கிறதாம். “நாலு வருஷமா நீ வச்சிருக்கியே, எப்படி?” என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின ராத்திரி முழுக்க அது என்னைத் தூங்க விடவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரி லேபில் யாராவது ஒருவர், ஒரே கேபிளின் இரண்டு முனையையும் மேஜைக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்சில் செருகிவிடுவது வழக்கம். முன்பெல்லாம் பிராட்காஸ்ட் (எல்லாக் கணினிக்கும் போகும் பொதுச் செய்தி) அந்த லூப்பில், அதாவது வளையத்தில், சுற்றிச் சுற்றிப் பெருகிக் கட்டடமே படுத்துவிடும். அந்தப் பெருக்குக்குத்தான் புயல் என்று பெயர். சுவிட்சில் அதை அடக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோல் போட்ட பிறகு, வரம்புக்கு மேல் வருவதை அந்தப் போர்ட்டிலேயே வெட்டிவிடுகிறது. பக்கத்து அறைக்குக்கூடத் தெரிவதில்லை.

அந்த வரம்பைப் போர்ட்டின் வேகத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்துவிடாதீர்கள். 1 சதவீதம்தானே என்று நானும் வைத்தேன். கிகாபிட் போர்ட்டில் (நொடிக்கு நூறு கோடி பிட் வேகம்) அது நொடிக்குச் சுமார் 14,880 சின்னப் பாக்கெட், அதாவது தரவுத் துண்டு. எங்கள் பழைய பிரிண்டர் மயங்கி விழ அதில் பாதியே போதும். இப்போது நொடிக்கு 500 என்று எண்ணிக்கையில் வைத்திருக்கிறேன்.

சரி, வரம்பு தாண்டினால் சுவிட்ச் எனக்கு அனுப்பும் அலர்ட்டுக்கு வருகிறேன். பெரிய சுவிட்சுகளில் இரண்டு வரம்பு உண்டு. 500ஐத் தாண்டினால் கத்து, 300க்குக் கீழே இறங்கினால்தான் அடங்கியதாக எடுத்துக்கொள் என்று சொல்லலாம். என் சுவிட்சில் ஒரே கோடுதான். நேற்று ஒரு கணினியின் நெட்வொர்க் கார்டு கெட்டுப்போய் 500ஐ ஒட்டியே மேலும் கீழுமாகக் கக்கியிருக்கிறது. ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு செய்தி. விடிவதற்குள் 212!

நிஜமாகவே புயல் அடித்த அன்று? பக்கத்து பிளாக்கில் லூப். எல்லாம் எங்கள் அப்லிங்க் (எங்கள் சுவிட்சை வெளியே இணைக்கும் கம்பி) வழியாக உள்ளே வந்தது. அப்லிங்கிலும் ‘தாண்டினால் மூடு’ என்று வைத்திருந்தது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். சொன்னபடி மூடிவிட்டது. ஆனால் அலர்ட்டும் அதே கம்பி வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? எஸ்என்எம்பி ட்ராப் எனப்படும் அந்த அலர்ட், யுடிபி என்ற அனுப்பும் முறையில் போவது. போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது, திரும்ப அனுப்பாது. எனக்கு ஒரு செய்திகூட வரவில்லை. முதல்வர் அறையிலிருந்து போன்தான் வந்தது. ஏணி போட்டு ஏறி, லேப்டாப்பைச் சுவிட்சில் நேராகச் செருகி, மூடிய போர்ட்டைத் திறந்தேன்.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். நூலகத்துக்கு இதே மாடலில் இன்னொன்று கேட்டு இன்று காலை எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை.