பிரேக் இல்லாத டிரம்முக்கு 1,45,000 ரூபாய்: டிராக்டர் ஏற்ற டிரெய்லர் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

இன்று காலை வட சென்னை மூலக்கடையில் ஒரு மெக்கானிக் என் டிரெய்லரின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைச் சுத்தியலால் தட்டி எடுத்தார். உள்ளே ஷூ, அதாவது டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் கட்டை, இல்லை. தேய்ந்த ஷூ, ஒட்டாத ஷூ என்றெல்லாம் இல்லை, ஷூவே இல்லை. டிரெய்லரை இழுக்கிற வண்டியோடு மாட்டும் கொக்கியிலிருந்து வரும் பிரேக் கம்பி அச்சு வரைக்கும் ஒழுங்காக வந்து, அங்கே சட்டத்தோடு ஒரு கட்டுக்கம்பியால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மெக்கானிக் அந்த முடிச்சை விரலால் ஆட்டிக் காட்டிவிட்டு, "இதைப் போட்டவன் தெரிந்தே போட்டிருக்கிறான் சார்" என்றார். இதற்குத்தான் 1,45,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இந்தச் சூட்டிலேயே எழுதிவிடுகிறேன். ஆறினால் வயிற்றுக்குள்ளேயே போய்விடும்.

எனக்குக் கொடுங்கையூர். சொந்தமாக ஒரு மினி டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் தோப்புகளில் உழவு, காலி மனைகளில் முள் வாரிச் சமன் செய்வது, இதுதான் பிழைப்பு. மாதவரத்திலிருந்து பொன்னேரிக்கு டிராக்டரைச் சாலையில் ஓட்டிக்கொண்டே போக முடியாது. சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் உயிர் மிஞ்சாது. குட்டியானையில் டிராக்டர் ஏறினால் அதன் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஏறாது. ஒவ்வொரு வேலைக்கும் பெரிய லோடு வண்டி பிடித்தால் வாடகையிலேயே கூலி கரைந்துவிடுகிறது. அதனால் என் பிக்அப்பின் பின்னால் இழுக்கிற மாதிரி ஒரு டிரெய்லர் தேடினேன்.

பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் பார்த்தேன். லாரி பாடி கட்டும் பட்டறை, கூப்பிடு தூரத்தில்தான். நேரில் போனேன். முதலாளி ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் விபூதி, மேசையில் ஒரு நீள நோட்டு. விலை பேசவே இல்லை அவர். "தம்பி, முதலில் உங்கள் வண்டியைச் சொல்லுங்கள்" என்றார். டிராக்டர் 700 கிலோ, ரோட்டவேட்டர் 170, ஐந்து கொழுக் கலப்பை 90, மண் வாரும் பக்கெட் 80 என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மொத்தம் 1,040 என்று அவரே கூட்டினார். மறுநாள் என் வீட்டுக்கே டேப்போடு வந்து, ரோட்டவேட்டரை மாட்டச் சொல்லி, டிராக்டரின் மூக்கிலிருந்து ரோட்டவேட்டரின் வால் வரைக்கும் அளந்தார். பத்தே முக்கால் அடி. "பன்னிரண்டு அடி போட்டுவிடலாம் தம்பி, கலப்பையை முன்னால் வைக்க இடம் வேண்டாமா?" என்றார்.

அங்கேதான் என்னைப் பிடித்தார். ஏமாற்ற வருகிறவன் கலப்பைக்கு இடம் கேட்பானா? என் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "பிரேக் போட்டுத்தான் தருவேன், பிரேக் இல்லாமல் கேட்டால் வேறு கடை பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்" என்றுகூடச் சொன்னார். அது எப்படி வேலை செய்யும் என்றும் விளக்கினார். இழுக்கிற வண்டி வேகத்தைக் குறைக்கும்போது பின்னால் வரும் டிரெய்லர் கொக்கியை முன்னே தள்ளும், அந்தத் தள்ளல் கம்பியை இழுத்து டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். சொன்ன விளக்கம் நூற்றுக்கு நூறு சரி. செய்யாமல் விட்டதுதான் பாக்கி.

85,000 ரூபாய் போனிலேயே அனுப்பினேன். மீதி 60,000 ரொக்கமாகக் கேட்டார், இரும்புக் கடைக்கு உடனே கட்ட வேண்டுமாம். ஆக 1,45,000. ரசீது என்று ஒரு வெள்ளைத் தாளில் 'டிரெய்லர் 1' என்று எழுதிக் கொடுத்தார். அளவும் இல்லை, எடையும் இல்லை. நோட்டில்தான் எல்லாம் இருக்கிறதே என்றார். நோட்டு அவரிடம் இருக்கிறது.

சொன்ன தேதி தாண்டி, மாலை மங்கிய நேரத்தில் வண்டியை ஒப்படைத்தார்கள். மஞ்சள் பெயிண்ட் கையில் ஒட்டியது. மறுநாள் விடியற்காலை பொன்னேரி வேலைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அப்போதுதான் தெரிந்தது, தளம் பத்தடி இரண்டு அங்குலம்தான். ரோட்டவேட்டர் பின்னால் வெளியே தொங்கியது. கலப்பை பிக்அப்பில் ஏறியது.

பாடியநல்லூர் தாண்டி வேகம் ஐம்பதைத் தொட்டதும் டிரெய்லர் வலமும் இடமுமாக ஆட ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் மைத்துனனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. சோழவரத்துக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றத் திடீரென்று ஓரங்கட்டியது. பிரேக் அடித்தோம். பின்னாலிருந்து ஒன்றரை டன்னுக்கு மேல் வந்து எங்களைத் தள்ளியது. ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளையாரை நான் பக்கத்தில் பார்த்தேன். ஒரு முழம்கூட மிச்சமில்லை.

ஏன் ஆடுகிறது என்பதை மெக்கானிக் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். டிரெய்லரில் பாரத்தின் நடுமையம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது, கொஞ்சம் கூடுதலாகவும், கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். அதற்காகத்தான் அச்சைத் தளத்தின் நடுவிலிருந்து பின்னால் தள்ளிப் பொருத்துவார்கள். என்னுடையதில் அச்சு சரியாக நட்டநடுவில். டிராக்டருக்கு எடை அதிகம் பின்பக்கம், அதற்கும் பின்னால் ரோட்டவேட்டர். எல்லாம் அச்சுக்குப் பின்னால் போய், கொக்கி பிக்அப்பின் பின்பக்கத்தைக் கீழே அழுத்துவதற்குப் பதிலாக மேலே தூக்குகிறது. ஆடாமல் என்ன செய்யும்? டிராக்டரைப் பின்பக்கமாக ஏற்றலாமே என்று கேட்பீர்கள். ஏற்றிப் பார்த்தோம். ஆறடி ஏற்றப் பலகை தருகிறேன் என்றவர் நாலடி தந்திருக்கிறார். தளம் இரண்டேகால் அடி உயரம். அந்தச் செங்குத்தில் தூக்கிய ரோட்டவேட்டரின் கத்தி பலகையில் இடிக்கிறது.

எடை மேடையில் காலியாக நிறுத்தினோம். 480 கிலோ என்று விற்ற டிரெய்லர் 760 காட்டியது. கணக்கைப் பாருங்கள். அச்சு மொத்தம் 1,600 கிலோ தாங்கும் என்று பட்டறை முதலாளி சொல்லியிருந்தார். சொந்த எடை 480 என்றால் என் 1,040 ஏறியும் 80 மிச்சம். 760 என்றால் 840 கிலோவுக்கு மேல் ஏற்றவே கூடாது. அந்த 1,600 உண்மையா என்பதே இப்போது சந்தேகம், ஏனென்றால் அச்சு வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றிய பழையது. பெயிண்டைச் சுரண்டினால் அடியில் துரு. இழுவைத் தண்டு சட்டத்தோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினோம். பெயிண்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டி ஒரு விரல் நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் வெல்டிங் நடுநடுவே ஓடி, நடுநடுவே விட்டுப் போயிருக்கிறது. ஒன்றரை டன்னுக்கு மேல் இழுக்கும் மூட்டில் சுவருக்குப் பூசுவது போலப் பட்டி பூசியிருக்கிறார்கள்.

இனி அவர்கள் பதில்கள். முதலில், "புது வண்டி, ஓட ஓடச் சரியாகிவிடும்." பிறகு, "வெல்டர் ஊருக்குப் போயிருக்கிறான், வந்ததும் அனுப்புகிறேன்." பிறகு, "முதலாளி திருப்பதி போயிருக்கிறார்." அந்த நேரத்தில் முதலாளியின் குரல் பின்னால் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. பிறகு, "நீங்கள் அதிக எடை ஏற்றியிருக்கிறீர்கள்." எடையை எழுதியதே நீங்கள்தானே என்றால், "எந்த நோட்டு?" பிறகு, "உங்கள் டிரைவருக்கு டிரெய்லர் ஓட்டத் தெரியவில்லை." தம்பி என்று மோர் குடித்தவர் இப்போது சார் என்கிறார். செயலிக்காரர்களிடம் கேட்டால், நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம், பரிவர்த்தனை உங்கள் பொறுப்பு என்று ஒரே பதிலை மாற்றாமல் அனுப்புகிறார்கள். கடைசியாகப் பட்டறையிலிருந்து வந்த பெருந்தன்மை என்ன தெரியுமா? ஓட்டிய வண்டியாகிவிட்டதாம், 50,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். 1,45,000-க்கு விற்றதை 50,000-க்கு வாங்கி, மறுபடி மஞ்சள் அடித்து, இன்னொருவர் வீட்டில் போய் மோர் குடிப்பார். தரமாட்டேன்.

பதிவுக் காகிதம் கேட்டபோது, "விவசாயத்துக்கு எதற்கு அதெல்லாம், எல்லாரும் அப்படியே ஓட்டுகிறார்கள்" என்றார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்பதற்குள்ளேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. பதிவு தனியாக வேண்டும். என் டிரெய்லரின் சட்டத்தில் எண்ணே அடிக்கப்படவில்லை, எதை வைத்துப் பதிவது? அந்த ஷேர் ஆட்டோவில் இடித்திருந்தால் இன்று நான் எங்கே உட்கார்ந்திருப்பேன்?

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் டிரெய்லரை எடை மேடையில் ஏற்றச் சொல்லுங்கள், மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். டிரம்மை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு நாள் போய் வெல்டிங்கைப் பாருங்கள். அளவு, எடை, அச்சு இருக்கும் இடம், பிரேக், எல்லாம் உங்கள் கையில் இருக்கும் காகிதத்தில் கையெழுத்தோடு வேண்டும். ரொக்கம் கேட்டால் பில் கேளுங்கள். இருட்டில் ஒப்படைத்தால் வாங்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கு நிற்காது என்று பட்டறைக்காரர் சிரித்தார். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவனும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது. எடை மேடைச் சீட்டு, டிரம்மின் படம், 85,000 அனுப்பிய பதிவு மூன்றும் வைத்திருக்கிறேன். ரொக்கம் 60,000-க்குத்தான் சாட்சி தேடுகிறேன். அந்தப் பட்டறையில் இதே போல மஞ்சள் டிரெய்லர் வாங்கி ஏமாந்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே மனுப் போடலாம்.